ஒரு மடக்கு, ஒரு மூச்சு



போன மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்தவர், பிள்ளைப்பேற்று விடுப்பில் வீட்டில் இருக்கிறார். "பாப்பாவுக்கு ரெண்டு மாசம் முடியப் போகுது. ஒரு வேளைப் பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆகுது. பாதி மூக்கு வழியா வந்துடுது. மூணு பாட்டில் மாத்திட்டேன். எந்தக் கம்பெனி பாட்டில் நல்லதுன்னு உங்க புக்குல போடுங்க மேடம்" என்று முடித்திருந்தார்.

எந்தக் கம்பெனி என்று நான் இங்கே எழுத முடியாது. பால் புட்டியையும் பால் மாவையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1981-ல் வகுத்த நெறிமுறையின் வழியில் வந்த சட்டம் அது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். நம் பத்திரிகையில் ஒரு பால் புட்டி விளம்பரத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சட்டம் சொல்வதால் மட்டும் அப்படி இல்லை, எனக்கே அதில் முழுச் சம்மதம். தாய்ப்பால் கொடுக்க முடிந்த ஒருத்தியைக்கூட, புட்டிதான் நாகரிகம் என்று நம்ப வைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது விளம்பரத்தை. புட்டியில் குடித்தே ஆக வேண்டிய பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று தாய்க்குச் சொல்லித்தருவதை அது தடுக்கவில்லை. அதைச் சொல்லித்தரத்தான் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க எழுதியிருக்கிறது. தாய்ப்பால் குடிக்க முடியாத பிள்ளையின் அம்மா எந்தச் சுவரைப் பார்ப்பாள்?

கடிதத்தில் என்னை உறுத்தியது பாட்டில் இல்லை, மூக்கு. அடுத்த சனிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிவிட்டேன்.

ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு வாசல் கொண்ட லைன் வீடு. பக்கத்து அறைகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உருக்காலைப் பக்கத்திலிருந்து விடாமல் ஒரு இரைச்சல். வாசகி, அவர் மாமியார், மடியில் பாப்பா. மாமியாரை அந்த வரிசையே ஆயா என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"குடுத்துக் காட்டும்மா, பார்க்கிறேன்" என்றேன்.

பாப்பாவை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தார். பாட்டிலைக் கவிழ்த்து வாயில் வைத்தார். நிப்பிளின் ஓட்டை பெரிதாக இருந்தது. வேகமாகக் குடிக்கட்டும் என்று யாரோ சொன்னதால் ஊசியைக் காய்ச்சிக் குத்தியிருக்கிறார்கள். முதல் மூன்று மடக்கு சரியாகப் போனது. நாலாவது மடக்கில் பாப்பாவின் புருவம் மேலே ஏறியது. மூடியிருந்த கைவிரல்கள் ஐந்தும் விசிறி மாதிரி விரிந்தன. கடைவாயில் பால் கோடாக வழிந்தது. தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம், பிறகு புரை ஏறியது. மூக்கின் இரண்டு துவாரத்திலும் பால்.

ஆயா உச்சந்தலையில் மெதுவாகத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க கண்ணு" என்றார்.

பெரியவர்களுக்கு எப்போதாவது புரை ஏறும்போது சொல்கிற சொல் அது. அன்பான சொல்தான். ஆனால் ஒவ்வொரு வேளையும் ஏழெட்டுத் தடவை புரை ஏறுகிற பிள்ளை வேறு எதையோ நமக்குச் சொல்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். 50 நிமிடத்தில் உள்ளே போனது 40 மில்லி. அதற்குள் பாப்பா களைத்துத் தூங்கிவிட்டது. வயிறு நிறைந்த தூக்கம் இல்லை அது. நெற்றி முழுக்க வியர்வை.

இந்த இடத்தில் கொஞ்சம் தொண்டைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சோறு போகும் குழாயும் மூச்சுப் போகும் குழாயும் தொண்டையில் ஒரே வழியாக வந்து பிரிகின்றன. விழுங்கும் அந்த நொடியில் மூச்சு நின்றாக வேண்டும், மூச்சுக்குழாயின் மூடி சாத்தியாக வேண்டும், அண்ணத்தின் பின்பகுதி மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்தாக வேண்டும். கைக்குழந்தை விழுங்கிக்கொண்டே மூச்சும் விடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. குழந்தையும் விழுங்கும்போது மூச்சை நிறுத்தத்தான் செய்கிறது. நன்றாகக் குடிக்கிற பிள்ளை ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை உறிஞ்சும். உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு. ஒரு வேளைப் பாலுக்குள் இந்தச் சுற்று சில நூறு தடவை நடக்க வேண்டும். வயிற்றுக்குள் 34 வாரம் ஆகும் சமயத்தில்தான் இந்த மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருகின்றன. அதனால்தான் குறைமாதப் பிள்ளைகளுக்கு 28 முதல் 31 வாரம் வரை குழாய் வழியாகவும், 32 முதல் 34 வரை பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுத்துவிட்டு, அதன் பிறகு முழுக்க மார்பில் போடுவது நம் மருத்துவமனைகளில் வழக்கமாக இருக்கிறது.

மார்பில் குடிக்கும்போது வேகம் பிள்ளையின் கையில் இருக்கிறது. அது நிறுத்தினால் பாலும் பெரும்பாலும் நின்றுவிடும். கவிழ்த்த பாட்டில் நிற்காது. பிள்ளை மூச்சு விட நினைக்கும் நொடியிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டையைப் பெரிதாக்கினால் கேட்கவே வேண்டாம். ஆகவே வாசகியிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: எத்தனை மில்லி போச்சு என்று பாட்டிலின் கோட்டையே பார்க்காதே அம்மா, பாப்பாவின் மூச்சைப் பார்.

பாப்பாவைக் கிட்டத்தட்ட உட்கார்ந்த வாக்கில் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். கழுத்து மடங்காமல், தலை பின்னால் தொங்காமல், முதுகுக்குக் கை கொடுத்து. மூக்கில் பால் ஏறாத பிள்ளையாக இருந்தால் மார்போடு அணைப்பது போல ஒருக்களித்துப் பிடித்தாலும் நல்லது. பாட்டில் படுத்த வாக்கில் இருக்க வேண்டும், நிப்பிள் நிறைகிற அளவுக்குச் சாய்த்தால் போதும். நாலைந்து மடக்கு ஆனதும் பாட்டிலின் அடியைத் தாழ்த்தினால் பால் பின்வாங்கிவிடும். நிப்பிளை வாயிலிருந்து எடுக்கவும் வேண்டியதில்லை. பிள்ளை இரண்டு மூச்சு விட்டுக்கொள்ளும். மறுபடி அதுவே உறிஞ்ச ஆரம்பிக்கும். புருவம் ஏறினாலோ, விரல் விரிந்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ நிறுத்த வேண்டும். ஒரு வேளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதற்கு மேல் குடிக்கிற பாலில் கிடைக்கிற சத்தைவிடக் குடிப்பதற்கே அதிகம் செலவாகிவிடக்கூடும்.

இதெல்லாம் சொன்ன பிறகும் மூக்கு என் மனதை விட்டுப் போகவில்லை. புட்டியை எப்படிப் பிடித்தாலும் ஒவ்வொரு வேளையும் மூக்கில் பால் வருகிறது என்றால் அண்ணத்தைப் பார்த்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த மருத்துவர்கள் பல முறை சொன்ன விஷயம் இது. கிராம சுகாதாரச் செவிலியருக்குச் சொல்லி அனுப்பினோம். மத்தியானம் வந்தார். பாப்பா அழும்வரை காத்திருந்து, நாக்கை மெதுவாக அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உதடு முழுசாக இருக்கிறது, ஈறு முழுசாக இருக்கிறது. உள்ளே தள்ளி, அண்ணத்தின் மெத்தென்ற பகுதியில் விரல் நகம் அளவுக்கு ஒரு இடைவெளி. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் தொங்கியது.

பிறந்த இடத்தில் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. உதடு பிளந்திருந்தால் பிரசவ அறையிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அண்ணம் மட்டும் பிளந்த பிள்ளைகள் இப்படித்தான் தப்பிப் போகின்றன. இரண்டு மாதமாக இந்தப் பெண், தனக்குப் பால் பத்தவில்லை, பிள்ளை முரண்டு பிடிக்கிறது, பாட்டில் சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்துத் தவித்திருக்கிறாள். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் இழுப்பே உண்டாகாது, ஓட்டை உள்ள ஸ்டிராவில் இளநீர் குடிப்பது போல. பிள்ளை இழுக்காததால் மார்பிலும் சுரப்பு குறைந்துவிட்டது. பிறக்கும்போது 2 கிலோ 800 இருந்த பாப்பா, செவிலியர் எடை போட்டபோது 3 கிலோ 250. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 25, 30 கிராம் ஏற வேண்டிய வயது.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்பவே சொன்னேன், கிரகணத்தன்னிக்கு வெளிய வராதேன்னு" என்றார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த இதழைப் படிக்கிற ஒவ்வொரு ஆயாவுக்கும் கையைப் பிடித்துச் சொல்கிறேன். உதடும் அண்ணமும் தாயின் வயிற்றில் நாலாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுகின்றன. சில பிள்ளைகளுக்கு ஒட்டாமல் போய்விடுகிறது. பரம்பரை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், ஃபோலிக் அமிலக் குறைவு, சில மருந்துகள், புகை என்று பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பல சமயம் இதுதான் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வருகிறது. வானத்தில் நடந்த எதுவும் காரணம் இல்லை, வாசலுக்கு வந்த மருமகளும் காரணம் இல்லை. இதை அன்றைக்கு ஆயாவிடமும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போய் மருமகளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அப்புறம் அலமாரி மேலிருந்து ஒரு பாலாடையை எடுத்தார். வெள்ளி, அவருடைய பிள்ளைக்குத் தாய்வீட்டில் போட்டது. "இதுல ஊத்தினா குடிக்காதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் அத்தனை தூரம் வந்ததாகத் தோன்றியது.

பாலாடையை நம் வீடுகளில் மருந்து புகட்டும் சாமானாக நினைத்து ஓரங்கட்டிவிட்டோம். ஆனால் உலக மருத்துவ இதழ்களில் ஆங்கிலத்திலும் அதற்குப் பாலாடை என்றே பெயர். நம் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1999-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் பிறந்த குழந்தைகளுக்குப் புட்டி, கோப்பை, பாலாடை மூன்றிலும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனது பாலாடையில்தான். 2007-ல் இங்கிலாந்தில் குறைமாதப் பிள்ளைகளிடம் இதே போலச் செய்து பார்த்தபோது பாலாடையில் பால் அதிகம் சிந்தியது, நேரமும் கூடியது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். சாமான் பாதி வேலை செய்யும், மீதி கைப்பழக்கம்.

அந்தக் கைப்பழக்கத்தில்தான் நம் வீடுகளிலும் ஒரு கோளாறு இருக்கிறது. காலை நீட்டிப் பிள்ளையைக் காலில் போட்டு, தாடையை அழுத்தி, சங்கிலோ பாலாடையிலோ தொண்டைக்குள் ஊற்றுவது. உரை மருந்தும் விளக்கெண்ணெயும் அப்படித்தான் போகின்றன. அழுகிற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். எண்ணெயால் வரும் அந்த நிமோனியா நம் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் பழக்கமான நோய். மூக்கில் எண்ணெய் விடுவதும் அதே கணக்குத்தான். பால் சரியாக இறங்கவில்லை என்றதும் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவதும், உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று விரலை விட்டு அழுத்துவதும் நம் மாவட்டத்தில் இன்னும் நின்றபாடில்லை. விழுங்கவே சிரமப்படுகிற பிள்ளையின் தொண்டையில் இதையெல்லாம் செய்வது எத்தனை ஆபத்து என்று நினைத்தாலே எனக்கு மனது பதறுகிறது.

செவிலியர் அன்றைக்கு ஆயாவின் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். பாப்பா நன்றாக விழித்திருக்க வேண்டும். மடியில் நிமிர்ந்து உட்கார்ந்த நிலை. பாலாடையில் முக்கால் அளவு பால். அதன் மூக்கைக் கீழுதட்டின் மேல், கடைவாய் ஓரமாக வைக்க வேண்டும். பால் உதட்டைத் தொடுகிற வரைக்கும் சாய்த்தால் போதும். "ஊத்தாதீங்க ஆயா, காட்டுங்க. அது நக்கி எடுத்துக்கும்." விழுங்கியதை, மூச்சு விட்டதைப் பார்த்த பிறகு அடுத்தது. நடுவில் இரண்டு மூன்று தடவை தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும். அண்ணப் பிளவு உள்ள பிள்ளை காற்றையும் சேர்த்து நிறைய விழுங்கும். மூக்கில் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம், சுத்தமான துணியால் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் தொடரலாம். மருமகளிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கையால் பாலைப் பீய்ச்சி எடு, சுரப்பு திரும்ப வரும் என்றார். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு சுமார் 150 மில்லி என்பது கணக்கு. குறைகிற அளவுக்குப் பால் மாவு கொடுத்தால் டப்பாவில் எழுதிய அளவிலேயே கரைக்க வேண்டும், டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தண்ணீரைக் கூட்டக் கூடாது. பாலாடைக்குள் மூலை முடுக்கு இல்லை, கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். புட்டியின் கழுத்திலும் நிப்பிளுக்குள்ளும்தான் பால் தங்கிப் புளிக்கும்.

அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கென்றே புட்டிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த மேண்டி ஹேபர்மேனுக்கு 1980-ல் பிறந்த மகளுக்கு அண்ணப் பிளவு. உறிஞ்ச முடியாத பிள்ளைக்கு உறிஞ்சாமலே பால் வரும் புட்டி வேண்டும் என்று தானே வடிவமைத்தார். ஈறால் அழுத்தினாலே பால் வரும், உள்ளே ஒரு தடுப்பு இருப்பதால் பால் திரும்பப் போகாது, பிள்ளையின் தெம்புக்குத் தக்கபடி தாய் விரலால் அழுத்திக் கொடுக்கலாம். அவர் மருத்துவரோ பொறியாளரோ இல்லை, வடிவமைப்புப் படித்தவர். உலகம் முழுக்க மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது. நம் ஊரில் அது சுலபமாகக் கிடைக்கிற சாமான் இல்லை, விலையும் கட்டுப்படியாகாது. அது இல்லாமலே நம் அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் பாலாடையையும் நீளக்காம்பு ஸ்பூனையும் வைத்துப் பிள்ளைகளைத் தேற்றிவிடுகிறார்கள்.

தேற்றுவது எதற்கு? அறுவைச் சிகிச்சைக்கு. உதட்டுப் பிளவுக்கு மருத்துவர்களிடம் பழைய பத்துக் கணக்கு ஒன்று உண்டு: 10 வாரம் வயது, 10 பவுண்டு எடை, அதாவது நாலரைக் கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். அண்ணத்துக்குப் பொதுவாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள், பேச்சு வளர்வதற்கு முன்னால். மயக்க மருந்தைத் தாங்க உடம்பில் எடை வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாலாடைப் பாலும் அந்த அறுவை அரங்கின் வாசலை நோக்கி ஒரு அடி.

காசைப் பற்றிப் பயந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை, பிறவிக் குறைகள் உட்பட 30 வகைக் குறைபாடுகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தர ஏற்பட்டது. உதடு, அண்ணப் பிளவு அதில் உண்டு. மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்பது அதன் ஏற்பாடு. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திருவள்ளூரும் ஒன்று. ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரர்களின் சங்கடம் எனக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரம் வேறு ரயில் பாதையில் இருக்கிறது. ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாறித் திரும்பப் போக வேண்டும். கைக்குழந்தையோடு அது ஒரு நாள் வேலை. அதைவிட எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஸ்டான்லியும் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் பிளவுச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஸ்மைல் டிரெயின் என்ற அமைப்பு பல மருத்துவமனைகளோடு சேர்ந்து இந்த அறுவையை இலவசமாகச் செய்ய உதவுகிறது. எங்கே போனாலும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பேசாத பிள்ளைக்கு எதற்கு என்று தோன்றலாம். விழுங்குவதைச் சோதித்துப் பழக்குவதும் அவர்கள் படிப்பில் ஒரு பகுதி.

எல்லாப் பிள்ளைக்கும் அண்ணத்தில் பிளவு இருக்காது. குறைமாதத்தில் பிறந்தது, பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளைக்குக் காற்று குறைந்தது, டவுன் சிண்ட்ரோமால் தசை தளர்ந்தது, தாடை மிகச் சிறிதாகி நாக்கு பின்னால் விழுகிறது, இதயத்தில் கோளாறு என்று விழுங்கச் சிரமப்பட எத்தனையோ காரணம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும். பிறந்த முதல் நாளிலேயே வாயில் நுரை தள்ளி, முதல் பாலிலேயே மூச்சு முட்டி நீலம் பாய்ந்தால் ஒரு சொட்டுகூட மேற்கொண்டு கொடுக்காமல் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். உணவுக்குழாய் பாதியில் அடைபட்டிருக்கலாம். மற்றபடி, குடித்து முடித்தபின் தோளில் போடும்போது கொஞ்சம் எதுக்களிப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்டு. எடை ஏறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கும்வரை அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நம் பகுதிக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் எந்தப் பிள்ளை இருமினாலும் ஆலைப் புகை என்றுதான் முதலில் சொல்கிறோம். அதில் நியாயம் இருக்கிறது, காலையில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் பால் குடிக்கும்போதும் குடித்த கொஞ்ச நேரத்திலும் மட்டும் இருமுகிற பிள்ளையை, மாதத்துக்கொரு தடவை நெஞ்சுச் சளி கட்டுகிற பிள்ளையை, புகைக்கணக்கில் எழுதிவிடாதீர்கள். பால் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராமல் இறங்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் மருந்து கலந்த பாலைக் குடிக்க வைத்து, அது எந்த வழியில் போகிறது என்று எக்ஸ்ரே படமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

இன்னொன்று, தலையணையில் முட்டுக் கொடுத்த பாட்டில். அம்மா ஷிஃப்டுக்குப் போயிருக்கிறாள், எட்டு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள். பாட்டிலை மடித்த துணிமேல் சாய்த்துத் தம்பி வாயில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். லைன் வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னப் பெண்ணைக் கோபிக்க என்னால் முடியாது. 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, வேலைக்குத் திரும்பியபின் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளில் இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை, ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. காண்ட்ராக்டில் இருக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், இதில் எத்தனை அவளுக்குக் கிடைத்தது என்று. நம் வாசகர்களில் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள், சூப்பர்வைசர்கள், காண்ட்ராக்டர்கள் பல பேர் உண்டு. 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள். உங்கள் ஆலைக்குள் பூட்டுப் போட்ட ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு ஃப்ரிட்ஜ் போதும், ஒரு பெண் தன் பாலைப் பீய்ச்சி வைத்து மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோக. இந்த மாதம் செய்து கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து அறை ஒடிசாக்காரரின் மனைவியும் அன்றைக்கு வாசலில் நின்று பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மடியில் மூன்று மாதப் பிள்ளை. தமிழ் தெரியாது. ஆயா அவரைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டு, தரையில் உட்கார வைத்து, "இப்படி, இப்படி" என்று மணிக்கட்டைச் சாய்த்துக் காட்டினார். அந்தப் பெண்ணும் வெறுங்கையைச் சாய்த்துக் காட்டினார்.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் சமயத்தில் வாசகியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. எழும்பூரில் பார்த்துவிட்டார்கள், அண்ண அறுவைக்கு, பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆனதும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எடை 3 கிலோ 900. பாலாடையில் ஒரு வேளைப் பால் 25 நிமிடத்தில் முடிகிறது. பகல் வேளை முழுக்க ஆயாதான் கொடுக்கிறார். "நடுவுல நிறுத்திட்டு ஆயா மூஞ்சியவே பாக்குறா மேடம். ஆயாவும் பாலாடையக் கையில வச்சுக்கிட்டு அவ மூச்சு விடுறவரைக்கும் காத்துக்கிட்டே இருக்காங்க."

அன்புடன்,
ஆசிரியர்